அனுமதி பெற்ற கலகம்

சூசைதாசனுக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தோட்டம் போய்விடும்.

அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று அவர் அப்போதே சொல்லிப் பார்த்தார். மேற்சம்மேளனத்தின் தலைவர் டொக்டர் ஹைன்ஸ்பெர்க் அதைப் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியாது என்பதும் ஒரு பதில்தான். அதை நாங்கள் மதிக்கிறோம்," என்றார். "ஆனால் யாருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்."

தோட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேட்டுக்கும் நடுவே, வேலி போட்டுப் பிரித்த துண்டுகளில் ஒன்று. முழு இடத்துக்கும் 'அந்தி அமைதி' என்று பெயர். இப்படிப்பட்ட இடத்தை இந்த நாட்டில் கொலனி என்பார்கள். கொலனியை ஆள ஒரு சங்கம் உண்டு. சங்கத்தை ஆள ஒரு மேற்சம்மேளனம் உண்டு. அதற்கும் மேலே என்ன இருக்கிறது என்று சூசைதாசன் கேட்டதில்லை. அவர் மன்னாரில் வளர்ந்த கத்தோலிக்கர். மேலே போகப் போகக் கேள்விகள் குறைய வேண்டும் என்பது அவருக்குப் பழகிய விஷயம்.

இந்தத் துண்டுக்காக ஒன்பது வருடம் காத்திருந்தார். கிடைத்தபின்னும் அது முழுதாகக் கிடைக்கவில்லை. முதல் வருடம் பரீட்சார்த்த வருடம். ஒரு குற்றம் பதிவானாலும் துண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மண் கிண்ட ஆசையும் இல்லை. ஆசை பேர்பெச்சுவாவுக்கு. தன் வேலை போனபின் இரண்டு வருடமாகப் பல்கனிக் கதவைக்கூடத் திறக்காத அவருடைய மனைவி, இந்த ஏப்ரல் மாதத்திலிருந்து காலையில் எழும்பியதும் செருப்பைத் தேடுகிறார். சூசைதாசனுக்கு அது போதும். அந்தச் செருப்புச் சத்தத்துக்காக அவர் எதற்கும் தலையாட்டத் தயாராக இருந்தார்.

தலையாட்ட நிறைய இருந்தது. வேலி இடுப்புக்கு மேலே வளரக்கூடாது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சத்தம் கூடாது. நிலத்தில் மூன்றிலொரு பங்கில் உண்ணத்தக்க பயிர் இருக்க வேண்டும். பேர்பெச்சுவா பாவற்கொடி போட்டிருந்தார். அது உண்ணத்தக்கதா என்று சங்கத் தலைவர் ஹெர் பிரிங்க்மான் நேரில் வந்து பச்சையாகக் கடித்துப் பார்த்தார். பிறகு, 'உண்ணத்தக்கது என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

பிரச்சினை தண்ணீர் மீட்டரில் தொடங்கியது. வருடத் தொடக்கத்தில் மேற்சம்மேளனம் ஒரு முடிவெடுத்தது. ஒவ்வொரு துண்டிலும் புதிய மீட்டர் பூட்ட வேண்டும். அதை மேற்சம்மேளனத்திடமே வாங்க வேண்டும். தண்ணீருக்கு நகரசபை எடுக்கும் காசு போக, மீட்டர் ஓடுவதைக் கவனித்துக்கொள்வதற்காக மேற்சம்மேளனமும் ஒரு வரி எடுக்கும்.

கொலனி கொதித்தது. கொதித்தது என்றால், இரண்டு பேர் டொக்டர் ஹைன்ஸ்பெர்க்குக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். பொதுக்கூட்டத்தில் ஹெர் பிரிங்க்மான் எழுந்து, "எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி வரி போடுவீர்கள்?" என்று கேட்டார்.

டொக்டர் ஹைன்ஸ்பெர்க்குக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "உங்கள் பிரதிநிதிகளுக்கென்று எங்கள் சபையில் கதிரைகள் வாங்கி வைத்திருக்கிறோம். தேக்கு மரம். ஆட்கள் இருந்தால் பழுதாகிவிடும் என்று இதுவரை ஒருவரையும் இருக்க விடவில்லை. உங்களை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் என்பதற்கு அந்தக் கதிரைகளின் பளபளப்பே சாட்சி," என்றார்.

எல்லோரும் மீட்டர் வாங்கினார்கள். எல்லோரும் பூட்டினார்கள். பேர்பெச்சுவா ஒருவருக்குத்தான் அது பிடித்திருந்தது. படலைக்குப் பக்கத்தில், நிலத்துக்குள், ஒரு இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. தண்ணீர் ஓடும்போது அதற்குள்ளே சின்னச் சிவப்புச் சக்கரம் ஒன்று சுற்றும். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு ஓடுது," என்பார்.

பிறகு கோடை விழா வந்தது. இந்த வருடம் அது ஜூலை நான்காம் திகதி, சனிக்கிழமை. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து அன்றோடு இருநூற்றைம்பது வருடம். பிரகடனத்தில் கையெழுத்து வைப்பதை நடிக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். ஆனால் கையெழுத்து வைப்பதை அந்தக் கொலனியில் ஒருவரும் விழாவாகப் பார்ப்பதில்லை. ஆகவே அதற்கு இரண்டரை வருடம் முந்தைய சம்பவம் ஒன்றைத் தெரிவு செய்தார்கள்.

ஹெர் பிரிங்க்மான் அதைக் கூட்டத்தில் விளக்கினார். "ஆங்கில அரசன் தேயிலைக்கு வரி விதித்தான். கொலனிக்காரர்கள் தங்களைக் கேட்கவில்லையே என்று கோபப்பட்டார்கள். ஒருநாள் இரவு அமெரிக்கப் பூர்வகுடி இந்தியர்கள்போல வேடமிட்டு, பொஸ்ரன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, தேயிலைப் பெட்டிகளைத் தண்ணீரில் எறிந்தார்கள். யார் எறிந்தது என்று ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை."

மண்டபத்தில் இருந்தவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகக் குனிந்து நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் ஹெர் பிரிங்க்மான் சூசைதாசனின் படலையில் நின்றார்.

"ஒரு நுட்பமான விஷயம்," என்று தொடங்கினார். "முகத்துக்குச் சாயம் பூசுவது இந்தக் காலத்தில் சரியல்ல. தலையில் இறகு வைப்பதும் சரியல்ல. ஆகவே வேடமே போடாமல் இந்தியனாக நிற்கக்கூடிய ஒருவர் தேவை. நிறத்தை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அதனால்தான் நேரே உங்களிடம் வந்தேன்."

"நான் இலங்கை," என்றார் சூசைதாசன்.

"அதையும் நாங்கள் பொருட்படுத்தவில்லை."

"எத்தனை இந்தியர்?"

"நீங்கள் ஒருவர். பொஸ்ரனில் நூறு பேர் என்கிறார்கள். நாங்கள் எண்ணிக்கையைவிடத் தரத்தை நம்புகிறோம்." படலையை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்த்தார். "கட்டாயம் எதுவும் இல்லை. பரீட்சார்த்த வருடத்தில் இருப்பவர்கள் மட்டும், தாமாக விரும்பி, கட்டாயம் பங்குபற்ற வேண்டும்."

சூசைதாசன் தலையாட்டினார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகள் லவினியா கைத்தொலைபேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போகும் என்ற பக்கத்து நகரில் இரசாயனம் படிக்கிறாள்.

"அப்பா, அங்கை எறிஞ்ச ஆக்களிலை ஒருத்தரும் இந்தியர் இல்லை. எல்லாம் வெள்ளையள். வேசம் போட்டவை."

"ஏன் பிள்ளை?"

"பிடிபடாமல் இருக்கத்தான்."

"நான் வேசம் போடேல்லையே."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

பேர்பெச்சுவா கறியைப் பரிமாறிக்கொண்டே, "வெள்ளைக்காரர் மாதிரி நடிக்கிறது உங்கடை அப்பாவுக்கு ஏலாதோ? இருபத்தெட்டு வருசமா இஞ்சை இருக்கிறார்," என்றார்.

"அம்மா, அப்பா நடிக்கப் போறது, இந்தியன் மாதிரி நடிக்கிற வெள்ளைக்காரன் மாதிரி."

"அப்ப சம்பளம் கூட வேணும்," என்றார் பேர்பெச்சுவா.

கலகத்துக்கு அனுமதி எடுக்க ஆறு கிழமை பிடித்தது. கொலனியின் நடுவில் இருக்கும் மழைநீர்க் குளம்தான் துறைமுகம். குளம் மேற்சம்மேளனத்துக்குச் சொந்தம். மேற்சம்மேளனத்தை எதிர்த்து... அதாவது ஆங்கில அரசனை எதிர்த்துக் கலகம் செய்ய, மேற்சம்மேளனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 'எழுச்சி எவ்வளவு நேரம் நீடிக்கும்?' என்ற கேள்விக்கு ஹெர் பிரிங்க்மான், 'நன்றியுரை உட்பட இருபது நிமிடம்' என்று எழுதினார். 'எழுச்சி முடிந்தபின் இடம் முன்பு இருந்த நிலையில் திருப்பி ஒப்படைக்கப்படுமா?' என்ற கேள்விக்கு, 'ஆம்' என்று எழுதினார்.

தேயிலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதிலுள்ள கஃபீன் குளத்துத் தவளைகளின் நித்திரையைப் பாதிக்கக்கூடும் என்று பதில் வந்தது. வெறும் பெட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. பெட்டிகள் மரத்தில் இருக்கலாம்; ஆணி துருப்பிடிக்கக்கூடாது.

ஒத்திகைக்கு மண்டபம் காலியாக இருந்தது மத்தியானம் மட்டும். அது அமைதி நேரம். ஆகவே கலகக்காரர்கள் இரகசியக் குரலில்தான் கோஷம் போட்டார்கள். கண்ணை உருட்டி, முஷ்டியை உயர்த்தி, "வரி தரமாட்டோம்," என்று காற்றோடு காற்றாகச் சொன்னார்கள். ஒருவர் தும்மியதற்கு எச்சரிக்கை கிடைத்தது.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம், பக்கத்துத் துண்டுக்காரி பிரௌ நோவாக் ஒரு தள்ளுவண்டியோடு படலை படலையாக வந்தார். வண்டியை ஒரு போர்வையால் மூடியிருந்தார். சூசைதாசன் வேலையில் இருந்தார். பேர்பெச்சுவாதான் படலையைத் திறந்தார்.

"நாளைக்குப் பெட்டிக்குள் போட உங்கள் பங்கு," என்று பிரௌ நோவாக் கிசுகிசுத்தார். ஒரு கண்ணையும் மூடித் திறந்தார். "பொதியாகச் சுற்றிக் கட்டித் தாருங்கள். ஒருவருடையதை ஒருவர் பார்ப்பதில்லை. அப்படித்தான் ஏற்பாடு."

பேர்பெச்சுவா உள்ளே போனார். ஒரு பொதியைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். வாசலுக்கு வந்த ஆளை வெறுமனே அனுப்பக்கூடாதென்று, தட்டு நிறைய ரோல்ஸும் கொடுத்தார். பிரௌ நோவாக் உணர்ச்சிவசப்பட்டு அவருடைய கையைப் பிடித்தார். "நீங்களும் எங்களில் ஒருவர்," என்றார்.

மறுநாள் மூன்றேகால் மணிக்கு, அமைதி நேரம் சட்டப்படி முடிந்தபின், புரட்சி தொடங்கியது. பிரதம விருந்தினர் டொக்டர் ஹைன்ஸ்பெர்க்கைக் குளத்தின் மறுகரையில் உயரமான கதிரையில் இருத்தி, அட்டைக் கிரீடமும் வைத்துவிட்டார்கள். தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து அவர் ஒரு சிறிய உரையும் ஆற்றினார்.

"சிலர் கேட்கிறார்கள், விதிகள் எதற்கு என்று. விதி என்பது அன்புதான், நண்பர்களே. இலக்கமிடப்பட்ட அன்பு. என் மனைவியிடமும் இதையே சொன்னேன். அவர் இப்போது வேறிடத்தில் வசிக்கிறார். ஆனால் விதியை அவர் மறுக்கவில்லை."

கைதட்டினார்கள். கதவுப் பலகைகளால் கட்டிய கப்பலில் சூசைதாசன் ஏறி நின்றார். சலவைக்கூடத்து நீலச் சட்டை போட்டிருந்தார். மற்றக் கலகக்காரர்கள் கரையில் நின்று, "எறி! எறி!" என்று கத்தினார்கள். இந்தமுறை உண்மையான குரலில்.

முதல் பெட்டியைத் தூக்கியதும் அவருக்கு இடுப்புப் பிடித்தது. வெறும் பெட்டி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர் ஹெர் பிரிங்க்மானைப் பார்த்தார். ஹெர் பிரிங்க்மான் வானத்தைப் பார்த்தார். சூசைதாசன் எறிந்தார். பெட்டி கல்லுப்போல மூழ்கியது. ஒவ்வொன்றும் அப்படியே மூழ்கியது. ஒரேயொரு பெட்டிதான் இலேசாக இருந்தது. அது மட்டும் மிதந்து, பலகை பிளந்து, குளத்தைச் சுற்றிலும் கறுப்புத் தூளைப் பரப்பியது. தண்ணீர் மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டொக்டர் ஹைன்ஸ்பெர்க்கும் கைதட்டினார். இவ்வளவு உண்மைத்தன்மையை எதிர்பார்க்கவில்லை என்றார்.

கிரீடத்தோடு வீட்டுக்குப் போனவர், குளத்தை முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவரவென்று திங்கட்கிழமை சுழியோடிகளோடு திரும்பி வந்தார். குளத்துச் சேற்றுக்குள்ளிருந்து அவர்கள் தண்ணீர் மீட்டர்களாக எடுத்துக் கரையில் அடுக்கினார்கள். புத்தம்புது மீட்டர்கள். கண்ணாடிக்குள்ளே சிவப்புச் சக்கரங்கள் நின்றுபோயிருந்தன. சேறு ஆழம், எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்றார்கள்.

எறிந்தது யார் என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. கொலனி முழுவதும் பார்த்திருந்தது. படமும் எடுத்திருந்தது.

"தேயிலைப் பெட்டியை எறியும்படிதான் நான் சொன்னேன்," என்றார் ஹெர் பிரிங்க்மான், கவலையோடு. "அவர் எறிந்தது தேயிலை அல்ல. அவருக்குக் கொடுத்த பாத்திரத்திலிருந்து அவர் விலகிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்."

பெட்டிகளுக்குள் மீட்டர்களைப் போட ஏற்பாடு செய்தது யார் என்பதைச் சொன்னால் சூசைதாசனை மன்னிக்கலாம் என்று டொக்டர் ஹைன்ஸ்பெர்க் அறிவித்தார். அந்த எழுபத்திரண்டு மணித்தியாலமும் அங்கேதான் தொடங்கியது.

அன்று பின்னேரமே பிரௌ நோவாக் கேக் கொண்டுவந்தார். அடுத்த துண்டுக்காரர் அப்பிள் கேக் கொண்டுவந்தார். அதற்கடுத்தவர் சீஸ் கேக். கேக்கைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவரும் பொஸ்ரனைப் பற்றிப் பேசினார்கள். என்ன மாதிரியான மனிதர்கள் அவர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. "நாங்கள் எல்லோரும் கொடுத்தோம், நீங்களும் கொடுத்தீர்கள்," என்றார் பிரௌ நோவாக். "ஒருவர் மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால், நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஆளோடு எப்படி ஒரே கொலனியில் இருப்பது?"

அவர் போனபின் சூசைதாசன் மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். அண்டைக்கு அந்த மனுசி வண்டிலோடை வந்தபோது நீர் என்னத்தைக் குடுத்தனீர்?"

"எல்லாரும் குடுத்ததைத்தான். ஏன்?"

"எல்லாரும் என்ன குடுத்தவையெண்டு உமக்குத் தெரியுமோ?"

"இதென்ன கேள்வி? எனக்குப் பூசணிக்குத் தண்ணி விடவேணும். விடுங்கோ."

பேர்பெச்சுவா வாளியோடு போய்விட்டார். சூசைதாசன் படலையடிக்குப் போனார். குனிந்து இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூடியை மெதுவாக மூடி, அதற்கு மேலே பெரிய பூச்சாடி ஒன்றைத் தூக்கி வைத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் சங்க மண்டபத்தில் விசாரணை. கொலனி முழுவதும் வந்திருந்தது. சூசைதாசனும் பேர்பெச்சுவாவும் முன்வரிசையில் இருந்தார்கள். நடுவில் லவினியா, இருவருக்கும் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு. சூசைதாசன் யாரையாவது காட்டிக் கொடுத்தால், தோட்டம் மிஞ்சும்; ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்தில் பேச ஆள் இருக்காது. காட்டிக் கொடுக்காவிட்டால், வேலியே இருக்காது.

முதலில் ஹெர் பிரிங்க்மான் எழுந்தார். அவர் முகத்தில் விழாவன்றும் இல்லாத ஒரு பிரகாசம் இருந்தது.

"மேற்சம்மேளனத்தின் விதிகளில் பதினான்காவது விதியை நினைவுபடுத்த விரும்புகிறோம். கொலனிக்கு வந்த தண்ணீர் முழுவதும், பூட்டப்பட்டிருக்கும் மீட்டர்களுக்கிடையே பங்கிடப்பட வேண்டும். மீட்டர் இல்லாத துண்டு தண்ணீர் பாவித்ததாகக் கொள்ளப்படமாட்டாது. இன்று இந்தக் கொலனியில் மீட்டரே இல்லை. ஆகவே நாங்கள் ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீரும் பாவிக்கவில்லை. வரியும் இல்லை. நாங்கள் விதியை மீறவில்லை, ஐயா. விதியைப் படித்தோம்."

மண்டபம் மேசைகளைத் தட்டியது. அப்போதுதான் சூசைதாசனுக்குப் புரிந்தது. புரட்சி முழுவதும் ஒரு உபவிதியின்மேல்தான் நின்றிருக்கிறது.

டொக்டர் ஹைன்ஸ்பெர்க் கோபப்படவில்லை. அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தைத் தடவினார்.

"சரியாகப் படித்திருக்கிறீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஒரேயொரு மீட்டராவது பூட்டியபடி இருந்தால், முழுக் கொலனியின் தண்ணீரும், வரியும், அந்த ஒரு மீட்டரின் கணக்கில் ஏறும்."

"அப்படி ஒன்று இல்லை," என்றார் ஹெர் பிரிங்க்மான். எல்லோரும் சிரித்தார்கள். பிரௌ நோவாக் திரும்பி, பேர்பெச்சுவாவைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

"பார்த்தால் தெரியும். ஆனால் மூடிகளைத் திறக்க இரண்டு கிழமைக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும்," என்று டொக்டர் ஹைன்ஸ்பெர்க் பெருமூச்சு விட்டார். "அதுவும் எங்கள் விதிதான்."

இரண்டு கிழமை. சூசைதாசன் மனதுக்குள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒரு குறடு போதும். ஒரு பின்னேரம் போதும். குளம் எங்கேயும் போகாது. அவர் மகளின் கையைத் தொட்டு, "அம்மாவுக்கு இதைச் சொல்லாதை," என்று முணுமுணுத்தார்.

"எதை?" என்றாள் லவினியா. அவள் ஏற்கெனவே பாதியைச் சொல்லியிருந்தாள். எந்தப் பாதி என்று கேட்க நேரம் இருக்கவில்லை.

டொக்டர் ஹைன்ஸ்பெர்க் இப்போது கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

"தண்டனை கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. இந்த மனிதர் பெயர் சொல்லவில்லை. தோட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். எனக்கு வலிப்பது அதுவல்ல. இவ்வளவு பேர் உள்ள ஒரு கொலனியில், மீட்டரைக் கழற்றாத ஒருவர், ஒரேயொரு நேர்மையானவர் இருந்தால், நான் இந்தக் கிழட்டு முழங்காலோடு இறங்கி வந்து அவருடைய கையைப் பிடிப்பேன். அவருடைய தோட்டத்தை யாரும் தொட முடியாது. ஆனால் இல்லை. ஒருவரும் இல்லை."

லவினியா பழக்கதோஷத்தில் அதை வரி தவறாமல் தாயின் காதுக்குள் சொன்னாள்.

"இரும்," என்றார் சூசைதாசன். "பேர்பெச்சு, இரும். பேசாதையும்."

பேர்பெச்சுவா எழும்பிவிட்டார். கைப்பையைக் கதிரையில் வைத்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்தார். இவ்வளவு பேருக்கு முன்னால் அவர் இந்த நாட்டில் ஒருபோதும் பேசியதில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் அந்தப் பொதியிலை கட்டிக் குடுத்தது தேயிலை. எங்கடை மீட்டர் இன்னும் ஓடுது."